குறைபாடு என்னும் கதையாடல்: மாதவிடாய் நிற்றலும் மருத்துவ அதிகாரமும்

1966இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய 'ஃபெமினைன் ஃபாரெவர்', மாதவிடாய் நிற்றலை ஒரு குறைபாட்டு நோயாகக் கட்டமைத்தது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மாதிரி இதற்கு ஈஸ்ட்ரோஜன் என்பது அதன் வாதம். சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஹார்மோன் மாத்திரை பெரும் சந்தையைப் பிடித்தது. 2002இல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று, மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. வில்சனின் பிரதியைக் கட்டுடைப்பது நமக்குச் சிரமமில்லை: பெண் என்றால் கருவளம், அது போனால் மிச்சம் வெறும் குறை.

கட்டுடைப்பு இத்தோடு நின்றுவிடுவதில்தான் எனக்குச் சங்கடம். ஜப்பானியப் பெண்கள் வட அமெரிக்கப் பெண்களைவிடக் குறைவாகவே உடல் தகிப்பைச் சொன்னார்கள் என்று மானுடவியலாளர் மார்கரெட் லாக் 1993இல் எழுதினார். அதை வைத்துக்கொண்டு 'எல்லாமே மேற்கத்திய மருத்துவத்தின் புனைவு' என்று பேசும் தோழர்கள் உண்டு. லாக் சொன்னது அதுவல்ல; உடலும் பண்பாடும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பதே அவர் வாதம். ராத்திரி மூணு மணிக்கு வேர்த்து நனைந்து எழுந்து உட்காருகிறவளிடம் போய் இது புனைவு என்று சொல்லிப் பாருங்கள்.

நான் போய்ப் பார்த்த மருத்துவர் தலைநிமிராமலே, "நாப்பத்தெட்டு ஆச்சில்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்த மூச்சில், "ரொம்பத் தொந்தரவுன்னா கர்ப்பப்பையை எடுத்துடலாம். இனிமே அது எதுக்கு?" ஒன்று, இது ஒன்றுமேயில்லை, இல்லையென்றால் கத்தி. 'இனிமே அது எதுக்கு' என்பது வில்சனின் அதே வாக்கியம், மாத்திரை மட்டும் இல்லாமல்.

இதன் வர்க்க முகம் 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் வெளிப்பட்டது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டிய கரும்பு வெட்டும் பெண்கள் பலர், முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். சினைப்பையும் சேர்ந்து போனால் மாதவிடாய் நிற்றலின் தொல்லைகள் அத்தனையும் உடனே வந்து இறங்கும், எலும்பு தேயும். அவள் தொடர்ந்து கரும்புக்கட்டு சுமக்க வேண்டும். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அறுபது வயதுக்குட்பட்ட, வேறு தடையில்லாத பெண்களின் கடும் தகிப்புக்கு ஹார்மோன் சிகிச்சை பலன் தரும் என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. மருந்தை மறுப்பது நம் அரசியலாக முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் காதுகொடுத்துக் கேட்க ஆள் வேண்டும், எலும்புக்குப் பரிசோதனை வேண்டும், கத்தி வைப்பதற்கு முன்னால் காரணத்தை அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். பெண்ணுடலைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம், இந்த மூன்றையும் கேட்டு இதுவரை எத்தனை துண்டறிக்கை போட்டிருக்கிறோம்?