பத்து மீன்கள் தரும் சான்றிதழ்

கண்ணாடித் தொட்டி ஒன்றில் பத்து மீன்கள். தொழிற்சாலைக் கழிவுநீரை, நல்ல நீர் எதுவும் கலக்காமல், அதில் நிரப்பியிருக்கிறார்கள். 96 மணி நேரம் சென்றபின் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒன்பது மீன்கள் உயிருடன் இருந்தால் அந்தக் கழிவுநீர் தேறிவிட்டது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கழிவுநீருக்கென வகுத்துள்ள பொதுத் தரங்களுள் இதுவும் ஒன்று. முழுக் கழிவுநீரில் 96 மணி நேரத்திற்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். ஆற்றில் விடும் நீருக்கும் கடலோரத்தில் விடும் நீருக்கும் இதே விதிதான்.

“மீனே பிழைத்துக்கொண்டதே, இனி என்ன அச்சம்?” என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இயற்பியல் கற்பிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த எண்ணைக் கண்டாலும், எந்த நிலையில் அளந்த எண் இது என்று கேட்டுவிடுவோம். அந்தக் கேள்வியை இச்சோதனையிடமும் கேட்டுப் பார்ப்போம். ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் நன்கு விளங்கும். சென்னைக்கு வடக்கே, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சோதனைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவது நியாயம். ஒரு வேதிப்பொருளைச் சோதிக்க உலகெங்கும் பின்பற்றும் முறை, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1981இல் வெளியிட்டு, 1984, 1992, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்திய 203ஆம் எண் நெறிமுறை. ஒன்றைவிட மற்றொன்று செறிவு மிகுந்த கரைசல்கள் குறைந்தது ஐந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன்கள், வேதிப்பொருள் கலவாத தொட்டி ஒன்று ஒப்பீட்டுக்கு. பாதி மீன்களைக் கொல்லும் செறிவு எது என்று வரைபடத்திலிருந்து கணிக்கிறார்கள். அதற்கு எல்.சி.50 என்று பெயர். ‘பாதி’ ஏன் என்று மாணவர்கள் கேட்பது உண்டு. செறிவையும் சாவையும் வரைந்தால் கோடு ‘எஸ்’ எழுத்துப் போல வளையும். அதன் நடுப்பகுதிதான் மிகச் செங்குத்து. ஆகவே நடுவில் அளந்தால் பிழை மிகக் குறைவு. மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடுவதற்காக டிரெவன் என்பவர் 1927இல் புகுத்திய கருத்து இது. இரண்டு நஞ்சுகளில் எது கொடியது என்று கேட்டால், இச்சோதனை நேர்மையாக விடை சொல்லும்.

ஆனால் கழிவுநீர் விதியில் கையாளுவது வரைபடத்தின் நடுப்பகுதியை அன்று. அதன் கீழ்முனையை, அதுவும் சில மீன்களை வைத்துக்கொண்டு. உண்மையில் ஐந்தில் ஒரு மீனைக் கொல்லக்கூடிய கழிவுநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அது தோற்க வேண்டிய நீர். பத்து மீன்களை விட்டால் ஒன்றுகூடச் சாகாமலிருக்க நிகழ்தகவு, 0.8ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைப்பது: 0.107. சரியாக ஒன்று மட்டும் சாக நிகழ்தகவு 0.268. கூட்டுங்கள், 0.375. அதாவது எட்டு முறை சோதித்தால் மூன்று முறை அந்த நீர் தேறிவிடும்! தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். இதில் யாரும் ஏமாற்றவில்லை; பத்து மீன்களிடம் கேட்டால் இவ்வளவு துல்லியம்தான் கிடைக்கும்.

இனி, தொட்டியின் நீரைப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டுப் பதிப்பில் சாதாரணக் கெண்டைக்கு வெப்பநிலை 20 முதல் 24 பாகை செல்சியஸ். கரைந்த ஆக்சிஜன், நீர் கொள்ளக்கூடியதில் 60 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. பழவேற்காட்டு ஏரி ஆழம் குறைந்தது. கோடையில் நீர் 30 பாகையைத் தாண்டும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளாங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் வெயிலில் வற்றி, கடல்நீரையும் மிஞ்சிய உப்பாகிவிடும். 25 பாகையில் நன்னீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 30 பாகையில் கடல்நீர் கொள்வது 6.2 மட்டுமே. மீனுக்கோ, சூடு ஏறினால் மூச்சுத் தேவையும் ஏறும். நஞ்சு தாக்கும் இடமும் பெரும்பாலும் செவுள்தான்.

அம்மோனியாவை வைத்து இதைக் கணக்கிட்டே காட்டலாம். நீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அயனி செவுளில் எளிதில் நுழையாது. அம்மோனியா மூலக்கூறு நுழைந்துவிடும். 24 பாகையும் பி.எச். 7உம் உள்ள நன்னீரில் மொத்தத்தில் ஏறத்தாழ 0.5 விழுக்காடுதான் மூலக்கூறு வடிவம். 30 பாகையிலும் பி.எச். 8.5இலும் அது 20 விழுக்காடு. உப்பு அதைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான். ஒரே அளவு அம்மோனியாவில் நுழையும் வடிவம் நாற்பது மடங்கு! தொட்டி நீர் எந்த நிலையில் இருந்தது என்று சொல்லாமல் எல்.சி.50ஐ மட்டும் கொடுப்பது, அழுத்தத்தைச் சொல்லாமல் ஒரு வாயுவின் கனஅளவைக் கொடுப்பது போன்றது.

அடுத்து, யாரைச் சோதித்தோம்? நெல்லில் புகையானுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளுள் இமிடாகுளோப்ரிட் ஒன்று. நம் நீலகிரியிலும் வளர்க்கும் வானவில் டிரவுட் மீனுக்கு அதன் எல்.சி.50, லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல். மீன் சோதனையில் முதல் வகுப்பில் தேறும் மருந்து. ஆனால் உவர்நீரில் வாழும் மைசிட் என்னும் இறால் போன்ற சிற்றுயிருக்கு அந்த எண் 0.04 மில்லிகிராமுக்கும் கீழே. இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு. பொன்னேரிப் பக்கத்து வயல்களைக் கடந்துதான் ஆரணியாறு பழவேற்காட்டை அடைகிறது. ஏரியில் அம்மருந்து இன்ன அளவு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்குள்ள வலைக்காரருக்கும், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் சோறு போடுவது மடவையும் கொடுவாவும் மட்டுமல்ல, இறாலும் நண்டும்தான். கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, பலமுறை தோலுரித்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. அந்தக் குஞ்சின் சார்பாக ஒரு நன்னீர் மீன் கையெழுத்திட முடியுமா?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. தொட்டி மீன் ஓட முடியாது. ஏரி மீன் ஓடிவிடும். பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில், எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருடைய முறை வரும் நாளில், நீரின் நெடி பிடிக்காமல் மீன் அந்த இடத்தைவிட்டு விலகிவிட்டால்? ஒரு மீனும் சாகவில்லை. விதிப்படி நீர் தூய்மை. வலை மட்டும் காலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கருத்துப்போயின. எண்ணெய் வாடை ஏறிய மீன் உயிரோடு துள்ளினாலும் சந்தையில் அதற்கு விலை ஏது? பாதரசம் போல ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் நஞ்சுக்கோ நான்கு நாள் என்பது கண் இமைக்கும் நேரம்.

இந்தக் குறைகளெல்லாம் துறை அறிஞர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஐரோப்பிய வேதிப்பொருள் விதிகளைப் பாருங்கள். பாசி, நீர்த்தெள்ளு, மீன் ஆகிய மூன்றுக்கும் குறுகிய காலச் சோதனை எண்கள் மட்டுமே கையில் இருந்தால், அவற்றுள் மிகச் சிறியதை எடுத்து, நன்னீருக்கு ஆயிரத்தாலும் கடல்நீருக்குப் பத்தாயிரத்தாலும் வகுத்த பிறகே தீங்கற்ற அளவைக் கணிக்கிறார்கள். அந்த எண்ணை நம்ப அவர்களே எவ்வளவு தயங்குகிறார்கள் பாருங்கள்! நாம் ஒரு தொட்டியின் தலைக்கணக்கை எதனாலும் வகுக்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

மீன்களைக் குறைவாகக் கொல்லும் வழிகளும் வந்துவிட்டன. 2013இல் மீன் கரு கொண்டு செய்யும் சோதனையும், 2021இல் டிரவுட் செவுள் செல்களைக் கொண்டு செய்யும் சோதனையும் நெறிமுறைகளாயின. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அவையும் இதே நன்னீர்க் கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது 203ஆம் நெறிமுறையின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம். சாவை மட்டும் எண்ணாமல், மீன் நிலைதடுமாறியதா, மேல்மட்டத்தில் வந்து வாய் பிளந்ததா, நிறம் மாறியதா என்று நாள்தோறும் குறிக்கச் சொல்கிறது அது. பழவேற்காட்டு மீனவர் விடியலில் ஏரியைப் பார்த்ததும் கவனிப்பவையும் இவைதான். நம் விதியில் அவற்றைக் குறிக்க ஒரு கட்டமும் இல்லை.