மூணு மணி நேரம் எப்போ ஆரம்பிக்குது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2024 மே 29-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. பணமில்லா சிகிச்சையில், டிஸ்சார்ஜுக்கான கோரிக்கை மருத்துவமனையிலிருந்து வந்து சேர்ந்த மூணு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தந்தாகணும். தாமதமானா, அதனால் மருத்துவமனை கூடுதலா வாங்கும் தொகையை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்டணும். படிச்சப்போ எனக்கும் சந்தோஷம்தான். எங்க சித்தப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான், வாக்கியத்தை மறுபடி எழுத்தெண்ணிப் படிச்சேன்.

காலை 9.15-க்கு டாக்டர் "கிளம்பலாம்"னுட்டார். நத்தத்திலிருந்து கூப்பிட்ட கார் 11 மணிக்கே வாசலில். புது மேம்பாலம் வந்த பிறகு ஊருக்கு வர்றதும் போறதும் சுலபமாயிடுச்சு. ஏழு கிலோமீட்டர் பாலம் மிச்சம் பிடிச்சுக் கொடுத்த நேரத்தை அன்னைக்கு பில் கவுண்டர் தின்னுடுச்சு. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகணும், மிச்ச மருந்து பார்மஸிக்குத் திரும்பணும், லேப் கணக்கு வரணும். "டாக்டரே போகச் சொல்லிட்டாருல்ல, பெறகென்னப்பா?"ன்னு சித்தி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. காப்பீட்டு மேசையில் விசாரிச்சா, கோரிக்கை போனது 2.40-க்கு. அனுமதி வந்தது 5.30-க்கு.

அதாவது, விதி ஒரு நிமிஷம்கூட மீறப்படல. சித்தப்பா மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல காத்திருந்தார்.

கோளாறு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும் இடத்தில். டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து இல்ல, கோரிக்கை போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து. எந்த நிலையிலும் பாலிசிதாரரைக் காக்க வைக்கக் கூடாதுன்னும் அதே சுற்றறிக்கை சொல்லுது. பக்கத்திலேயே மூணு மணி நேர அவகாசம்! அபராதமும் மருத்துவமனை கூடுதல் பணம் வசூலிச்சாத்தான். எங்களுக்கு அன்றைய அறை வாடகை ஏற்கெனவே பில்லில் ஏறியாச்சு, அதனால் கூடுதல்னு எதுவும் இல்ல. கார்க்காரருக்குக் கொடுத்த காத்திருப்புக் காசும், சித்தி விட்ட ஒரு நாள் கூலியும் எந்தக் கணக்கிலும் வராது.

இங்கிலாந்திலும் உடம்பு தேறினவங்க ஆயிரக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்கிறாங்க. அங்கே வீட்டில் பார்த்துக்க ஆள் ஏற்பாடாகாததும் ஒரு காரணம். இங்கே பார்த்துக்க ஆள் வாசலிலேயே நிக்குது, காகிதம்தான் வரல.

ஆணையத்துக்காகப் பேசுறவங்க, மருத்துவமனைகள் தங்கள் அதிகாரத்தில் இல்லைன்னு சொல்லலாம். உண்மைதான், தமிழ்நாட்டில் அதுக்கு 1997-ஆம் வருஷத்து மாநிலச் சட்டம் தனியா இருக்கு. ஆனா பணமில்லா சிகிச்சைக்கு மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடறது காப்பீட்டு நிறுவனம்தானே? டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதின நேரத்தைக் கோரிக்கையிலேயே குறிக்கணும், அதிலிருந்து இத்தனை மணிக்குள் அனுப்பணும்னு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாம்.

சித்தப்பாவின் சம்மரியில் தேதி இருக்கு. நேரம் போடற கட்டம் காலியா இருக்கு.