ஆதனின் பொம்மையும் சிறார் வரலாற்றுப் புனைவும்

உதயசங்கர் இயற்றிய ‘ஆதனின் பொம்மை’ 2023-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற சிறார் புதினமாகும். இக்காலச் சிறுவன் ஒருவன் 2600 ஆண்டுகட்கு முற்பட்ட கீழடியிற் புகுந்து ஆங்கு வாழ்ந்தாரைக் காண்டல் இதன் கதைப்பொருள். விருது நூலின் தகுதியைச் சுட்டலாம், திறனாய்வுக்கு ஈடாகாது.

தமிழில் வரலாற்றுப் புதினம் பெரிதும் அரசர் வழியே வளர்ந்தது. கல்வெட்டும் செப்பேடும் மன்னர் செயல்களையே விரித்துரைத்தலின், அவற்றை மூலமாகக் கொண்ட கல்கி முதலியோர் அவ்வழிச் சென்றமை வியப்பன்று. கீழடி தந்த மூலங்களோ வேறு: தக்களியும், தந்தப் பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும், உறைகிணறும். அங்கே போர் இல்லை, முடிசூட்டு இல்லை. எனவே பொம்மையொன்றைக் கதையின் தலைமைப் பொருளாக்கியது ஆசிரியர் தம் மூலத்தை நன்குணர்ந்தமைக்குச் சான்றாம். ஆதன் என்னும் பெயரும் அத்தகையதே. சேர மன்னர் பெயர்களிற் பயின்று, புகழூர்க் கல்வெட்டிலும் காணப்படும் அப்பெயர், கீழடியிற் பானையோட்டில் கீறப்பட்டுள்ளது. அரண்மனையிற் கேட்ட பெயர் அடுக்களையிலும் வழங்கிற்று என்பது இளைஞர் அறியத்தக்க பெருஞ்செய்தி.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஓடு தருவது பெயரொன்றே. அப்பெயருடையான் சிறுவனோ முதியனோ, எத்தகையனோ, ஓடு கூறாது. எஞ்சிய அனைத்தும் புனைவு. ‘பொன்னியின் செல்வன்’ வந்தது 1950 முதல் 1954 வரை. அதன் நந்தினியை வரலாற்று மாந்தரென்றே நம்புவார் இன்றும் உளர். கற்றாரே மயங்குமிடத்துப் பன்னிரண்டு வயதினர் என் செய்வர்? காலங்கடந்து செல்லுதலென்னும் உத்தி, யான் கருதுமாறு, இவ்விடத்து நேர்மையுடையது. ‘இது நடவாதது’ என அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்கின்றது. ஆயினும் அவ்வறிவிப்புப் பயணத்தளவில் நின்றுவிடும். சென்றடைந்த ஊரின் உணவும் உரையாடலும் உண்மையெனவே சிறார் நெஞ்சிற் பதியும். அகழ்ந்து கண்டது இது, கருதிக் கொண்டது இது எனப் பிரித்துக் காட்டும் பின்னிணைப்பு இத்தகைய நூல் ஒவ்வொன்றிற்கும் இன்றியமையாதது.

இவ்வகைப் புனைவு கீழடியோடு நிற்றல் வேண்டா. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கற் சுவரும், கூரை ஓடும், இரும்பாணியும், சீனப் பீங்கான் உடைசல்களும் கிடைத்துள்ளன. அவ்வூரைப் பாடுவோர் இராசேந்திரனோடு தொடங்கி இராசேந்திரனோடு முடிப்பர். அக்கூரை ஓட்டை வேய்ந்தவன் மகனைத் தேடிச் செல்லும் சிறார் கதை எழுதுவார்க்கு உதயசங்கர் வழிகாட்டியுள்ளார்.

பெரம்பலூர்ப் பகுதி இதனினும் கடியது. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. அதன் அகவை 12 கோடி ஆண்டு என்பர். காரை, குளக்காநத்தம் ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் கல்லுருவங்கள் வெளிப்படுகின்றன. அக்காலத்துள் ஒரு சிறுவனை அனுப்பின், அவனை எதிர்கொள்ள ஆதனும் இல்லை, பொம்மையும் இல்லை, மொழியும் இல்லை. கடல் மட்டுமே உண்டு. பேசுவாரின்றி நிகழும் அப்பயணத்தைச் சிறார்க்கு எவ்வாறு உரைப்பது என்பது நம் எழுத்தாளர்முன் நிற்கும் வினாவாகும்.