யார்க்‌ஷயர்காரர் என்றால் யார்?

1992-ல் சச்சின் யார்க்‌ஷயருக்கு ஆடப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போ அவருக்கு 19 வயசு. அந்த கிளப்புக்கு ஆடிய முதல் வெளிநாட்டு வீரர் அவர்தான். அதுவரை யார்க்‌ஷயரில் பிறந்தவர்தான் ஆடலாம் என்பது அங்கே ஊறிப்போன வழக்கம்.

எந்த யார்க்‌ஷயர் என்பதுதான் வேடிக்கை. 1974 ஏப்ரல் 1 அன்றே நிர்வாக வரைபடத்தில் அதைப் பிரித்துவிட்டார்கள். வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று; கிழக்கில் பெரும்பகுதி ஹம்பர்சைடு என்ற புது கவுண்டிக்கு; சாடில்வொர்த் கிரேட்டர் மான்செஸ்டருக்கு. கிளப் மட்டும் பழைய எல்லையை வைத்தே ஆள் எடுத்தது.

பழைய கவுண்டிகளுக்காகப் பேசுபவர்கள் சொல்வது: சட்டம் மாற்றியது நிர்வாகத்தை மட்டும்தான், கவுண்டி அப்படியேதான் இருக்கிறது. பாதி ஒத்துக்கொள்கிறேன். மிடில்செக்ஸ் கவுன்சில் 1965-லேயே போய்விட்டது. மிடில்செக்ஸ் அணி இன்னும் லார்ட்ஸில் ஆடுகிறது. ஹம்பர்சைடு 22 வருஷம்கூடத் தாண்டவில்லை, 1996-ல் கலைத்துவிட்டார்கள். யார்க்‌ஷயர் தினம் 1975-ல் தொடங்கியதே அந்த ஹம்பர்சைடுக்குள் மாட்டிக்கொண்ட பெவர்லி ஊரில்தான். (டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டைத் தூக்கிவிட்டு, அதை யாரெல்லாம் நம்பி இருந்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்கும் கதை. எங்கள் தொழிலில் தினமும் நடப்பது.)

மறு பாதிதான் உறுத்துகிறது. கவுண்டி என்றால் அரசியல் கலக்காத வெறும் மண், அங்கே பிறந்தவர் எல்லாருக்கும் சொந்தம் என்கிற மாதிரி எழுதுகிறார்கள். அப்படியா நடந்தது? 1883 முதல் 1910 வரை யார்க்‌ஷயர் கேப்டனாக இருந்த ஹாக் பிரபு பிறந்தது லிங்கன்ஷயரில். பிரபுவுக்குப் பிறந்த ஊர் ஒரு தடையாக இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் பிராட்ஃபோர்டு, ஹடர்ஸ்ஃபீல்டு மில்களில் வேலை பார்த்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே கிரிக்கெட் ஆடினார்கள். பழைய எல்லையோ புது எல்லையோ, எதை வைத்துப் பார்த்தாலும் யார்க்‌ஷயர்காரர்கள்தான். ஆனால் பிரிட்டனில் பிறந்த ஆசிய வம்சாவளி வீரர் ஒருவர் யார்க்‌ஷயர் முதல் அணியில் முதன்முதலாக ஆடியது 2004-ல்: ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்த அஜ்மல் ஷாஜாத். பம்பாய்க்காரர் ஆடிவிட்டுப் போய் 12 வருஷம் ஆகியிருந்தது.