பாட்டில்லாத சங்கீதம்

சரண்ஜித் சிங், பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். 1982இல் மூன்று ஜப்பானிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு, பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். பாட்டு இல்லை, தபலா இல்லை. அது விலைபோகவில்லை. இருபது வருஷம் கழித்துப் பழைய தட்டுகளைத் தேடி அலைந்த எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் கையில் அகப்பட்டு, 2010இல் மறுபதிப்பாக வந்தது. மேற்கில் அதற்குள் ஆசிட் ஹவுஸ் என்றொரு நடன இசை பிறந்து பிரபலமாகி ஓய்ந்தும் போயிருந்தது. அதன் முதல் தட்டுகளில் ஒன்று சிகாகோவில் 1987இல் வந்தது. ஐந்து வருஷம் முன்னாலேயே ஒரு இந்தியர் இதைச் செய்துவிட்டாராமே என்று அங்கே வியந்தார்கள். அந்த வியப்பை நாம் அப்படியே இறக்குமதி செய்துகொண்டோம். 2015இல் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் 'முன்னோடி' என்ற சொல்லே தூக்கலாக இருந்தது.

முன்னோடி என்பது விமர்சனச் சொல் அல்ல, தேதிச் சொல். நம்மிடையே யாரையாவது முன்னோடி என்று சொன்னால், அவரை இனிப் படிக்க வேண்டியதில்லை என்று அர்த்தம். சரண்ஜித் சிங்குக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. சிகாகோவை மறந்துவிட்டு, ராகம் தெரிந்த காதோடு இந்தத் தட்டை உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

அவர் கையாண்ட இயந்திரங்களில் ஒன்று ரோலண்ட் டிபி 303. தனியே பயிற்சி செய்யும் கிதார்க்காரனுக்குத் துணையாக, பேஸ் கிதார் வாசிக்கும் ஆளுக்குப் பதிலாகத் தயாரானது. வியாபாரத்தில் தோற்று 1984இல் உற்பத்தி நின்றது. பதினாறு படிகளுக்குள் ஒரு ஸ்வரக்கோவையை அடைத்துவிட்டால் அது அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லவும் அதில் ஏற்பாடு உண்டு. மீண்டு கேட்டுப் பழகிய காது இந்த வழுக்கலைக் கேட்டதும் நிமிர்கிறது. ஆனால் அந்த வழுக்கல் எப்போதும் ஒரே கால அளவில்தான் நடக்கும். கமகம் என்பதோ எவ்வளவு நேரம், எங்கே தயங்கி, எங்கே விட்டு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதன் எடுக்கிற முடிவு. இயந்திரத்தில் அந்த முடிவு தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

ஆக, சங்கீதக்காரர் எங்கே இருக்கிறார்? அடியில் ஓடும் அசையாத தரையின் மேல், ஜூபிடர் 8 என்ற கீபோர்டில் நடந்து செல்லும் கையில் இருக்கிறார். அந்தக் கை நன்றாகப் பழகிய கை. மால்கௌன்ஸில் (நம் இந்தோளம்), கலாவதியில் (ஏறக்குறைய வலஜி) அவர் தடையில்லாமல் நடக்கிறார். ஐந்து ஸ்வர ராகங்கள் கட்டைகளின் மேல் நிற்கும். பைரவில் அப்படி இல்லை. ஆடி ஆடி உயிர்பெற வேண்டிய ரிஷபம் என் காதுக்கு அங்கே போதவே இல்லை. ஆலாபனை வாசல்படி அளவுக்குத்தான்; பிறகு தாளம் துரத்த ஆரம்பித்துவிடும், விளம்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் ஏழாவதில் அலுப்புத் தட்டுகிறது. இந்தக் குறைகளைச் சொல்வதுதான் அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். சினிமா ரிக்கார்டிங் தியேட்டரில் பிறர் கேட்டதை வாசித்த ஒருவர், யாரும் கேட்காத ஒன்றை வாசித்துப் பார்த்த தட்டு இது.

ஸ்தாபனத்தின் கதி இதைவிட மேலில்லை. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டூடியோ அமைந்தது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். முன்பே ஜான் கேஜுக்கு இந்திய சங்கீதம் சொல்லிக் கொடுத்திருந்த கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் நாடாக்களைப் பதிவு செய்தார்கள். சில வருஷங்களில் ஸ்டூடியோ ஓய்ந்தது, நாடாக்கள் அலமாரிக்குப் போயின. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் எடுத்துக் கேட்டு, 2023இல் அவை தட்டாக வந்தன. இரண்டு தடவையும் அலமாரியைத் திறந்தவர் வெளியிலிருந்து வந்தவர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் காது இயந்திரத்தை ஏற்காத காது அல்ல. பெங்களூரில் 1979இல் உருவான எலக்ட்ரானிக் தம்புராவை வித்வான்கள் சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள். வேலைக்காரனாக இருக்கும்வரை இயந்திரம் ஆட்சேபணைக்குரியதல்ல. தானே பேச வந்தால்தான் தகராறு. ஹார்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940இலிருந்து 1971வரை விலக்கி வைத்திருந்தது. கமகம் வராது என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியமான காரணம். தமிழ்நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. சொல் இல்லாத சங்கீதம் என்றால் நமக்குப் 'பின்னணி இசை'. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) வாத்தியங்களாலேயே ஆன தொகுப்பு. அதுவும் சினிமாக்காரரின் ஓய்வுவேளைக் காரியமாகவே இங்கே பேசப்பட்டது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து 1989இல் ரஹ்மான் அமைத்துக்கொண்ட ஸ்டூடியோவில் என்னென்னவோ சாத்தியமாக இருந்தது. 'ரோஜா'வுக்குப் பிறகு அங்கே பாட்டுக்குத்தான் முதலிடம்.

இன்று ஸ்டூடியோ வேண்டாம். திருவட்டாற்றில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், பகலில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில் கணக்கு எழுதுகிறான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறான். ராத்திரி பழைய லேப்டாப்பில், காதில் ஹெட்போனோடு, தன் இசையைக் கட்டுகிறான். வீட்டில் யாருக்கும் ஒரு சத்தமும் கேட்காது. 'சார், இது சும்மா ஹாபி' என்கிறான். இந்தச் 'சும்மா'வை நான் நம்பவில்லை. பாங்கு வேலை முடிந்து வந்து, இருநூறு பேர் படிக்கும் பத்திரிகைக்கு எழுதுகிற நாமும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

அவன் செய்தவற்றில் ஒன்று பதினொரு நிமிஷம் ஓடுகிறது. வில்லுப்பாட்டுக் குடத்தின் ஒரே ஒரு அடியைப் பதிவு செய்து, எட்டு மடங்கு மெதுவாக்கியிருக்கிறான். அடி என்பது போய், குடத்தின் வயிற்றுக்குள் சுழலும் காற்று மட்டும் நீள்கிறது. அதன் மேல் இந்தோளத்தின் மூன்று ஸ்வரங்கள், வெகு நேரம் கழித்து நான்காவது. கமகத்தை அவன் கீபோர்டில் வாசிப்பதில்லை. திரையில் ஒவ்வொரு ஸ்வரத்தின் வளைவையும் சுட்டெலியால் கோடாக இழுத்து, கேட்டு, அழித்து, மறுபடி இழுக்கிறான். ஒரு தைவதத்துக்கு இரண்டு ராத்திரி ஆயிற்றாம். டிபி 303 தொழிற்சாலையிலேயே எடுத்துவிட்ட முடிவை இவன் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறான். கச்சேரியில் ஒரு கணத்தில் நிகழ்வது இங்கே இரண்டு ராத்திரி எடுக்கிறது என்பது நியாயமான ஆட்சேபணை. கவிதையிலும் ஒரு வரி அப்படித்தான் ஆகிறது என்பதுதான் என்னிடம் உள்ள பதில்.

ஏழாவது நிமிஷத்தில் மழைச் சத்தம் சேர்த்திருக்கிறான். அது வேண்டாம் என்றேன். நம்மூரில் மழைக்கு ஒரு தட்டுப்பாடும் இல்லை. 'நல்லாத்தானே சார் இருக்கு?' என்றான். போன வாரம் அனுப்பிய பிரதியில் மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. நான்காவது ஸ்வரம் மட்டும் இன்னும் தாமதமாக வருகிறது.