முகாம் முடிந்த மறுநாள்

குறுகிய கால மருத்துவ சேவைப் பயணங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், முதலில் விமர்சனத்துக்கு ஆளாவது கடைசி இரண்டு நாள்தான். அமெரிக்காவிலிருந்து குவாத்தமாலா போகும் குழுக்களின் வழக்கமான நிரல் இது: சனிக்கிழமை வந்து இறங்குவது, திங்கள் தொடங்கி நாலைந்து நாள் மலைக்கிராமத்தில் முகாம், பிறகு நண்பர்களோடு ஆன்டிகுவா நகரம், அட்டிட்லான் ஏரி, தெம்பு உள்ளவர்களுக்கு அக்காத்தெனாங்கோ எரிமலை, அப்புறம் வீடு. சேவை பாதி, சுற்றுலா பாதி என்று குறை சொல்கிறார்கள். இந்தக் குறை எனக்கு ஒப்பவில்லை. ஏரிக்கரையில் இரண்டு நாள் ஓய்வெடுப்பதால் எந்த நோயாளிக்கும் கெடுதல் இல்லை. படகோட்டிக்கும் விடுதிக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது. குழு கிளம்பிய மறுநாள் அந்த நோயாளி யாரிடம் போவார் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

மெக்ஸிகோவுக்குச் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் 1968இல் பேசிய சிந்தனையாளர் இவான் இலிச், சுற்றிப்பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் கடுமையாகச் சொன்னார். அவர் முன்னால் இருந்தவர்கள் கைவசம் தொழில் எதுவும் இல்லாத இளைஞர்கள். அறுவை மருத்துவரின் நிலை வேறு. அதனால் இலிச்சின் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்த என்னால் முடியவில்லை.

குடலிறக்கம் உள்ள ஒரு விறகு சுமப்பவரை எடுத்துக்கொள்வோம். குவாத்தமாலா மலைப்பகுதிகளில் சுமையை முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். குடல் பிதுங்கிய உடம்போடு அந்த வேலை நடக்காது. அரசு மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் கூலி, இழக்கும் நாள் கூலி, மருத்துவமனையில் இல்லாததை வெளியே வாங்கும் செலவு எல்லாம் சேர்ந்து அவரை வருடக்கணக்கில் தள்ளிப்போட வைக்கின்றன. வந்த குழுவின் மருத்துவர் ஒரு காலைப்பொழுதில் அதைச் சரிசெய்துவிடுகிறார். கண்புரைக்கும் உதட்டுப் பிளவுக்கும் இதே கணக்குதான். ஒரே அறுவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் நோய்களில் இந்தப் பயணங்கள் உண்மையாகவே வாழ்வை மாற்றுகின்றன. இதை மறுப்பவர்கள் அந்த விறகுக்காரரின் இடத்தில் நின்று யோசிக்கவில்லை.

அதிலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. உதட்டைத் தைத்துவிட்டுப் போகலாம். அண்ணப் பிளவு அப்படியல்ல. தையல் விட்டுத் துளை விழலாம், பேச்சுப் பயிற்சி வேண்டும், காதில் நீர் கோப்பதைக் கவனிக்க வேண்டும், பற்கள் முளைக்க முளைக்கப் பார்க்க வேண்டும். 1982இல் பிலிப்பைன்ஸின் நாகா நகரில் இத்தகைய பிளவுள்ள பிள்ளைகளுக்கு அறுவை செய்யப் போன குழு, வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த வேதனையிலிருந்தே ஆபரேஷன் ஸ்மைல் என்ற அமைப்பு பிறந்தது. பின்னாளில் அதே அமைப்பு அசாமின் குவாஹாட்டி போன்ற இடங்களில் நிலையான சிகிச்சை மையங்களை நிறுவியது. வந்து போவது மட்டும் போதாது என்று அனுபவம் கற்பித்ததன் விளைவாகவே அதை நான் பார்க்கிறேன்.

பலவீனம் முழுதாகத் தெரிவது பொது மருத்துவ முகாமில். பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, ஆசிரியரின் மேசையை மருந்துக் கடையாக்குகிறார்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்பதை ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல, அதை இன்னொருவர் மாயா மொழிகளான கக்சிக்கேலிலோ சுத்துஹிலிலோ சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாவுக்கு முப்பது நாளுக்கான மெட்ஃபார்மின் மாத்திரை. காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்த சின்ன பிளாஸ்டிக் கவர். முப்பத்தோராம் நாள் என்ன செய்வது என்று கவரில் இல்லை. அடுத்து வரும் குழு வேறு மாத்திரை தரும். குடற்புழு மாத்திரையும் வைட்டமினும் வாங்கிப்போகும் குழந்தை அதே தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வயதுக்குரிய உயரம் இல்லாமல் வளரும் நாடு குவாத்தமாலா. ஒரு மாத வைட்டமின் அங்கே எதையும் மாற்றாது.

கொண்டுபோகும் மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மீதம் இருக்க வேண்டும், பெறும் நாட்டின் மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் சொல்லிவருகிறது. அலமாரியில் மிஞ்சிய சாம்பிள்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போவது இதற்கு நேர் எதிர். சொந்த நாட்டில் தையல் போட அனுமதி இல்லாத மாணவர் அங்கே தையல் போடுவதை என்னால் மன்னிக்க முடியாது. ஏழையின் தோல் யாருக்கும் பயிற்சிக்கூடம் இல்லை.

குழு வீடு திரும்பியபின் நடப்பதும் இந்தப் பயணங்களின் ஒரு பகுதியே. தேவாலயத்திலோ கல்லூரியிலோ படம் காட்டி, எத்தனை நூறு பேரைப் பார்த்தோம் என்று சொல்கிறார்கள். எத்தனை பேர் குணமானார்கள் என்று சொல்வதில்லை. சொல்லத் தரவு இல்லை. இத்தகைய பயணங்களைப் பற்றி வெளியான கட்டுரைகளை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று, மிகப் பெரும்பாலானவற்றில் உருப்படியான தரவே இல்லை என்று கண்டது. ‘ஒன்றும் இல்லாமலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்ற வாக்கியம் அந்தக் கூட்டங்களில் தவறாமல் வரும். விருந்தாளி முன்னால் முகம் மலர்வது மரியாதை. அதை வறுமைக்குக் கிடைத்த சம்மதமாக வாசிப்பது கொடுமை.

மாற்று வழி குவாத்தமாலாவிலேயே இருக்கிறது. 1962இல் சிமால்தெனாங்கோவில் மருத்துவமனை தொடங்கிய கரோல் பெர்ஹார்ஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர், ஊர்க்காரர்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார். குவாத்தமாலா சிட்டியின் விசுவாலிசா கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முறையைப் பின்பற்றி வளர்ந்தது. அரவிந்த் முகாமில் கண்ணைப் பரிசோதிப்பதோடு சரி; புரை உள்ளவர்களைப் பேருந்தில் நிலையான மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அறுவை செய்து, ஊரில் திரும்பக் கொண்டுவிட்டு, பிறகு மறுபரிசோதனையும் செய்கிறது. முகாம் என்ற வடிவமே தவறு என்று சொல்ல முடியாதபடி செய்யும் நடைமுறை இது.

வெளியிலிருந்து வரும் குழுவும் இப்படிப்பட்ட ஓர் இடத்தோடு சேர்ந்து இயங்க முடியும். கிளம்புமுன் உள்ளூர்ச் சுகாதார நிலையத்தில் ஸ்பானிஷில் எழுதிய ஒரு நோட்டு: நோயாளி பெயர், ஊர், நோய், கொடுத்த மருந்து, அடுத்து வர வேண்டிய தேதி. அறுவை ஆனவர்களுக்குப் பத்தாம் நாள் புண்ணைப் பார்க்க, பெயர் சொல்லிப் பொறுப்பேற்ற ஓர் உள்ளூர் மருத்துவர், அவருக்குரிய ஊதியம் குழுவின் செலவிலிருந்து. இவை இல்லாமல் கிளம்பும் குழுவுக்கு அடுத்த ஆண்டு இடம் இல்லை என்று சொல்லும் அதிகாரம் அந்தந்த ஊர் வளர்ச்சிக் குழுவின் கையில் இருக்க வேண்டும்.