இரண்டாவதாக இறங்கியவர்

"விஷவாயு தாக்கி மூன்று பேர் சாவு." இந்தத் தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம். இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். தாக்குவது வாயு. குழிக்குள் ஆளை இறக்கியவர் எங்கே? அவருக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. 'மூன்று பேர்' என்ற எண்ணுக்குள் இன்னொன்றும் மறைந்துபோகிறது. மூவரும் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக இறங்குவதில்லை. முதல் ஆள் கூலிக்கு இறங்குகிறான். மற்றவர்கள் அவனைத் தூக்க இறங்குகிறார்கள்.

என் மாமா அப்படி இரண்டாவதாக இறங்கியவர். 2004, திண்டிவனத்தில் ஒரு வீட்டு செப்டிக் டேங்க். உள்ளே போன பையன் எங்கள் காலனிக்காரன். மேலே நின்று வாளி வாங்கிக்கொண்டிருந்தவர் மாமா. பையன் சத்தமில்லாமல் சரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். வீட்டுக்காரர் போலீசிடம் சொன்னது: "நான் ஒரு ஆளத்தான் எறங்கச் சொன்னேன். இவர யாரும் எறங்கச் சொல்லல." ஆயா தெருவிலேயே உட்கார்ந்து கேட்டாள்: "சொன்னாத்தான் எறங்கணுமா? உள்ள கெடக்கறது நம்ம புள்ள இல்லியா?"

மாமாவுக்கு விவரம் தெரியாது என்று அப்போது பலர் சொன்னார்கள். விவரம் என்ன? ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். ஆனால் 100 பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாமல் போகும். அளவு இன்னும் ஏறினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுவான். எச்சரிக்க வேண்டிய நாற்றமே ஏமாற்றுகிற இடத்தில், மேலே நிற்பவனுக்கு யோசிக்க எத்தனை நொடி இருக்கும்?

2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது. நானும் அத்தையும் ஜெராக்ஸ் கட்டோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள்: "அவரு சுத்தம் பண்ண எறங்கினாரா, காப்பாத்த எறங்கினாரா?" அத்தை பொய் சொல்லவில்லை. நாலு நடைக்குப் பிறகு, "போதும்டா, கூலி கெடுது" என்று நின்றுவிட்டார்.

அந்தக் கேள்வி அந்த எழுத்தரின் கண்டுபிடிப்பு அல்ல. சட்டத்தின் மொழிக்குள்ளேயே அது இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. 'அபாயகரமான துப்புரவு' என்பதற்கு அது தரும் வரையறை: முதலாளி பாதுகாப்புக் கருவிகள் தராமல், பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யாமல், ஊழியர் ஒருவர் கையால் சுத்தம் செய்வது. முதல் முறை செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த வரையறைக்குள் ஊழியர் இருக்கிறார், முதலாளி இருக்கிறார், கருவி இருக்கிறது. ஊழியரைத் தூக்கப் போனவர் இல்லை. யாரும் கூலி பேசாத, வாளியைக்கூட மேலேயே வைத்துவிட்டு இறங்கிய மாமாவை இந்த வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது?

காப்பாற்றப் போகிறவரைச் சட்டத்தால் பார்க்க முடியாது என்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் செய்தது. ஃபென்டனில் என்ற போதைப்பொருளின் பாதிப்புக்குப் போலீசையோ தீயணைப்பு ஊழியரையோ ஆம்புலன்ஸ் ஊழியரையோ உள்ளாக்குவது குற்றம் என்றது. அப்படிப் பக்கத்தில் போவதால் ஆபத்தான பாதிப்பு வருவது மிக அரிது என்று அந்நாட்டு நச்சியல் மருத்துவர்கள் 2017இலேயே அறிக்கை கொடுத்திருந்தார்கள். மிக அரிதான ஆபத்துக்கும் அங்கே சட்டம் உண்டு, ஏனென்றால் ஆபத்தில் இருப்பவர் சீருடைக்காரர். இங்கே இரண்டு மூச்சில் கொல்லும் வாயுவுக்குள் போகிறவரின் உடம்பில் மடித்துக் கட்டிய வேட்டிதான்.

நம் நாட்டிலும் இந்த அறிவு புதிதல்ல. தொழிற்சாலைக்குள் நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டியில், குழியில் இறங்குவதற்கு முன் காற்றைச் சோதித்து எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது இது. அந்தக் கயிறு இருந்திருந்தால் மாமா மேலே நின்றே பையனை இழுத்திருக்கலாம். தொழிற்சாலைக் குழிக்கு 1948இல் கிடைத்த கயிறு, தெருவில் இருக்கும் பீக்குழிக்கு வராமல் போனது ஏன்? அங்கே இறங்குகிறவன் தொழிலாளி, இங்கே இறங்குகிறவன் சாதி. வேறு என்ன காரணம்?

தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் முகத்தில் கவசம், முதுகில் காற்று உருளை. அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. அவர்களும் உயிரைக் கொடுக்கிறவர்கள்தான். ஆனால் அந்த முகக்கவசம் நம் பிணத்தை எடுக்க மட்டும் வருகிறது.

நம் எழுத்தையும் இங்கே விசாரிக்க வேண்டும். குழியில் செத்தவனைப் பரிதாபத்துக்குரிய உடலாகவே நாம் எழுதிப் பழகிவிட்டோம். அவன் ஒரு முடிவெடுத்து இறங்கினான் என்று எத்தனை பேர் எழுதினோம்? வேறு யாராவது செய்திருந்தால் வீரம் என்றிருப்பார்கள். நம் ஆள் செய்ததால் விவரமில்லாத்தனம் ஆகிவிட்டது.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது. நல்லது. தொகை ஏறியிருக்கிறது, வரையறை அப்படியே இருக்கிறது. குழியில் மனிதன் இறங்கவே கூடாது என்பது நம் முதல் கோரிக்கை. அது நடக்கும்வரை, காப்பாற்ற இறங்கியவரும் அந்த வேலையால் இறந்தவர்தான் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதப்பட வேண்டும். யாருடைய பணத்துக்காக மூடி திறக்கப்பட்டதோ அவரே இரண்டு சாவுக்கும் பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும். அத்தையின் ஜெராக்ஸ் கட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.